அஞ்சு போட்டுக்கோம்மா

வங்கியின் தொலைபேசிக் கூடத்தில் அவளுக்கு அஞ்சக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, "எங்க ஆன்லைன் சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?" என்று கேட்பதுதான் அவள் வேலை. மற்றவர்கள் கேட்டால் மூன்று வரும், இரண்டு வரும், சில சமயம் வசவும் வரும். இவள் கேட்டால் ஐந்துதான் வரும்.

சும்மா வந்துவிடவில்லை அந்த ஐந்து. கல்யாணத்துக்கு முன் துணிக்கடையில் நின்றவள் அவள். எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு அனுப்பிப் பழகியவள். அந்தச் சிரிப்பை அப்படியே தொலைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டாள். மறுமுனையில் குழந்தை அழுதால், "பிள்ளையைத் தூக்கிக்கோங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். யாராவது இருமினால், "கொஞ்சம் வெந்நீர் குடிங்க சார், அவசரமில்ல" என்பாள். அவர் உருகிப்போய், "அஞ்சு போட்டுக்கோம்மா" என்பார். பக்கத்து நாற்காலிப் பெண் வயிற்றெரிச்சலோடு திரும்பிப் பார்ப்பாள். அஞ்சக்கா கண்டுகொள்ளவே மாட்டாள். இந்த வேலையில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கணவர் மட்டும், "வீட்டுக்கு வந்தா அந்தக் குரல் எங்க போகுது?" என்று அங்கலாய்ப்பார். "நீங்க மார்க் போடறதில்லையே" என்பாள்.

அவர்களுடைய மேலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சதவீதம். மனிதர் பசிக்கிறது என்பதைக்கூடச் சும்மா சொல்லமாட்டார், "எண்பது சதவீதம் பசி" என்பார். அவர் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். புதிய செயலியைப் பற்றி இந்த முறை எடுக்கும் கருத்துக் கணிப்பு வெறும் சடங்கு இல்லையாம். சராசரி நான்கரையைத் தாண்டினால், சின்னக் கிளைகளில் இருக்கும் உதவிக் கவுண்டர்களை மூடிவிடப்போகிறார்களாம். செயலியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது அங்கே ஆள் எதற்கு என்று தலைமை அலுவலகம் கேட்கிறதாம்.

"இது நல்லபடியா முடிஞ்சா அஞ்சக்காதான் அடுத்த குழுத் தலைவி. நூறு சதவீதம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

யாரைக் கூப்பிடுவது என்பது கணினியின் முடிவு. எண்ணைத் தேர்ந்தெடுத்து அதுவே இணைத்துவிடும். ஒரு மதியம் அது இணைத்த எண் திரையில் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அவளுடைய சொந்த அக்காவின் எண்.

அக்கா, கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருப்பவள். மூன்று பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். முந்தின வாரம்தான் தங்கை வீட்டுக்கு வந்து அந்தச் செயலியைக் காய்ச்சி எடுத்துவிட்டுப் போயிருந்தாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்குக் கூலி அனுப்பியிருக்கிறாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. அக்கா போட்டது போட்டபடி கிளைக்கு ஓடியிருக்கிறாள். அங்கே உதவிக் கவுண்டரில் இருந்த பெண், சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, அங்கே இங்கே கேட்டு அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறாள்.

இப்போது தங்கை தன் தேன் குரலில் முறைப்படி கேட்டாள். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அஞ்சு" என்றாள்.

"அக்கா, போன வாரம்தானே அந்த ஆப்பை அந்தத் திட்டு திட்டினே?"

"திட்டினது ஆப்பை. மார்க் உனக்குல்ல போடறேன்? சீக்கிரம் எழுதிக்கோ, மிஷின் ஓடிட்டிருக்கு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அஞ்சக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். இத்தனை காலம் வாங்கிக் குவித்த ஐந்துகள் எல்லாம் வேறு முகத்தோடு எழுந்து வந்தன. இருமிய பெரியவர், "ஆப்பெல்லாம் என் மாப்பிள்ளைதான் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுத்தானே ஐந்து போட்டார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்ட பெண், "அதைத் திறக்கவே பயம்" என்றாளே? எல்லாம் காதில் விழுந்துதான் இருந்தது. ஐந்து வந்த சந்தோஷத்தில் மனதில் விழவில்லை. இந்த ஐந்துகளைக் கூட்டி வகுத்துத்தான் அந்தக் கவுண்டர்களை மூடப்போகிறார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரும் ரகமில்லை அவள். நேரே மேலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், எனக்கு வந்த மார்க் எதுவும் ஆப்புக்கு வந்ததில்ல. எல்லாம் எனக்கு வந்தது."

சதவீதம் நிமிர்ந்து பார்த்தார். "வாடிக்கையாளர் வாயால சொன்னதுதானேம்மா? நாமளா எழுதினோம்?"

"அவங்க சொன்னதுதான். நான் கேட்டதுதான் தப்பு. அதே ஆளுங்களை மறுபடி கூப்பிடறேன், வேற மாதிரி கேக்கறேன். விடுங்க சார்."

"சராசரி விழும். தலைவி பதவியும் போகும். யோசிச்சுக்கோ."

"நல்லாப் பேசறவளுக்கு வேலை எங்கேயும் கிடைக்கும் சார்" என்றாள். தலைக்கனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், அன்றைக்கு அதுதான் கை கொடுத்தது.

மறுநாள் காலையிலிருந்து, பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அதே ஆட்களைக் கூப்பிட்டு, மார்க் கேட்பதைத் தள்ளிப்போட்டாள். "நீங்களே ஆப்ல கடைசியா என்ன பண்ணீங்க? அதைச் சொல்லுங்க. மார்க்கை அப்புறம் பாத்துக்கலாம். அது எனக்கில்ல, ஆப்புக்கு" என்றாள். கதவைத் திறந்துவிட்டதுபோல் கொட்டினார்கள். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி எதுவென்றே மறந்துபோனவர், எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது என்றவர், தவறான ஆளுக்குப் போய்விடுமோ என்று பயந்து கிளைக்கே நடப்பவர். ஒரு லாரி ஓட்டுநர் மட்டும், "ஓரமா நிறுத்தி, டீ ஆறுறதுக்குள்ள கரண்ட் பில் கட்டிட்டேன். தங்கமான ஆப்மா" என்றார். அந்த ஐந்தை அவள் மனமாரப் பதிந்தாள். குறை சொன்னவர்களில் பாதிப் பேர் பேச்சின் நடுவே, "நல்லவேளை, கவுண்டர்ல ஒரு பொண்ணு இருக்கு" என்றார்கள்.

சராசரி மளமளவென்று சரிந்தது. சதவீதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொரு செவிப்பேசியை மாட்டிக்கொண்டார். "எங்க, ஒரு ஆளைக் கூப்பிடு, நானே கேக்கறேன்" என்றார். கூப்பிட வேண்டியதில் மிச்சமிருந்தது அக்காதான்.

"எங்க அக்கா சார். மேலாளர் கேட்டுட்டிருக்கார்னு சொல்லிட்டே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அழைத்தாள். அக்காவிடமும் சொன்னாள். பிறகு கேள்வியைக் கேட்டாள்.

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அக்கா கூலி அனுப்பிய கதையை முழுதாகச் சொன்னாள். "இப்ப மார்க் சொல்லுக்கா."

"மூணு போடு."

"கதை மூணு மாதிரி இல்லையே."

"பக்கத்துல உன் மேலாளர் இருக்கார்ங்கறே. ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லி உன் வேலைக்கு உலை வைக்கச் சொல்றியா?"

"என் வேலையை நான் பாத்துக்கறேன். நீ பொய் சொன்னா, அந்த கவுண்டரை மூடிடுவாங்க."

சதவீதம் தொண்டையைக் கனைக்கப்போய் அடக்கிக்கொண்டார்.

"எந்த கவுண்டரை? அந்தப் பொண்ணு உக்காந்திருக்கிறதையா?"

"ஆமா."

"அப்படின்னா ஒரு மார்க் போடு" என்றாள் அக்கா. "அதுவும் ஆப்புக்கு இல்ல. சாப்பிடாம உக்காந்து பாத்துக் கொடுத்துச்சே, அந்தப் பொண்ணுக்காக."

அஞ்சக்கா ஒன்றை அழுத்தினாள். அவள் வாங்கிய முதல் ஒன்று அது. அழுத்தும்போது பெருமையாக இருந்தது.

சதவீதம் செவிப்பேசியைக் கழற்றினார்.

"இந்தப் பேச்சோட பதிவை அப்படியே அறிக்கையோட சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு" என்றார். எத்தனை சதவீதம் என்று அவர் சொல்லவில்லை.