பிணைக்கு இரண்டு நம்பர்

அன்று ஹாலில் இருந்தது நான்கு பேர். நான், என் மனைவியின் தம்பி நௌபர், மாப்பிள்ளையின் வாப்பா, மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜியார். உள் அறையில் நான்கு பெண்கள். என் மனைவி, நௌபரின் மனைவி, மாப்பிள்ளையின் உம்மா, அப்புறம் பெண் ரிஸ்னா – நௌபரின் ஒரே மகள்.

எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் போனில் வந்தான்.

என்னைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற வியாதி. அன்றும் காலையிலிருந்தே ஆயிரம் கவலை. மழை பிடித்தால் மாப்பிள்ளை வீட்டு உக்குவளைக்காரர்கள் வருவார்களா? வாடகைக் கதிரையில் ஒன்று ஆடுகிறதே, அதில் போய் ஹாஜியார் உட்கார்ந்துவிட்டால்...? டீ போடும் நேரம் பார்த்து கேஸ் முடிந்துவிட்டால்?

போனைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

வந்தார்கள். தொதல் வந்தது, கேக் வந்தது, டீ வந்தது. நிக்காஹ் தேதியைப் பேச ஹாஜியார் தொண்டையைச் செருமினார். அவருடைய போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சேர், நௌபர் என்று ஒருவரைத் தெரியுமா?" இளம் குரல். சுத்தமான தமிழ்.

"தெரியும். முன்னுக்குத்தான் இருக்காரு. நீங்க யாரு?"

"அவர் எங்கள் ஆப்பில் கடன் எடுத்திருக்கிறார். தவணை தாண்டிவிட்டது. உங்கள் பெயரைத்தான் தந்திருக்கிறார். நீங்கள் கட்டுகிறீர்களா?"

ஹாஜியார் போன் கோலை வெட்டினார். உடனே மாப்பிள்ளையின் வாப்பாவுடைய போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது.

உள் அறையில் பேச்சு நின்றுவிட்டது.

"நௌபர், வட்டிக்கா எடுத்தீங்க?"

"வட்டி இல்ல ஹாஜியார்... சேர்விஸ் சார்ஜ்னுதான் போட்டிருந்திச்சு."

"சரி. என்ட நம்பர ஏன் குடுத்தீங்க?"

"ரெண்டு பேர்ட நம்பர் கேட்டிச்சு. மரியாதப்பட்ட ஆக்களா இருக்கட்டுமேன்னு..."

சிரிக்காதீர்கள். நௌபர் த்ரீவீலர் ஓட்டுகிறவன். அதை லீசிங்கில் எடுத்தபோதும் இரண்டு பிணைகாரர்களைக் கேட்டார்கள். எங்கள் பக்கம் யாரிடம் கைமாற்றுக்குப் போனாலும் முதல் கேள்வி, "யாரு பிண?" என்பதுதான். சொல்கிற பெயர் பெரிதாக இருந்தால் கேட்டு வந்தவனுக்கும் உட்காரக் கதிரை கிடைக்கும். அந்தப் பழக்கத்தில், ஆப் இரண்டு நம்பர் கேட்டதும் பள்ளிவாசல் டிரஸ்டியான ஹாஜியாரையும் சம்பந்தியாகப் போகிறவரையும் போட்டிருக்கிறான். அதுவும் பெருமையாக!

மரியாதை எங்கே இருக்கிறது என்று அந்த ஆப்புக்கும் தெரிய வேண்டியிருந்தது. நம்பிக் கடன் கொடுப்பதற்கு அல்ல – எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்ப்பதற்கு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நௌபர் எனக்கும் ஒரு வகுப்புக் குறைவு. இங்கிலீஷில் நாலு வரி வந்தால் எங்கள் விரல் தானாகப் பச்சை பட்டனுக்குப் போய்விடும். படித்தவர்கள் மட்டும் அந்த நாலு வரியை வாசித்துவிட்டா அமத்துகிறார்கள்?

ஹாஜியார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். "தேதிய பொறகு பாப்பம்" என்றார். ஸலாம் சொல்லி எழும்பினார். தொதலில் யாரும் கை வைக்கவில்லை. பெண் வீட்டில் வைத்துச் சொல்லப்படுகிற 'பிறகு'வுக்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அவர்களுடைய வேன் அலுவிகாரைச் சந்தியைக்கூடத் தாண்டியிராது. ரிஸ்னா வெளியே வந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எவ்வளவு வாப்பா எடுத்தீங்க?"

"முப்பதாயிரம் மகள்."

"கைக்கு எவ்வளவு வந்திச்சு?"

"இருபத்தொண்ணு. மிச்சத்த சார்ஜ்னு முதல்லயே வெட்டிட்டான்."

"எதுக்கு எடுத்தீங்க?"

நௌபர் மேசையைப் பார்த்தான். தொதல். கேக். சுற்றிலும் வாடகைக் கதிரைகள்.

அப்போது அவனுடைய போனே அடித்தது. ரிஸ்னா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் அவர்ட மகள். காசு தருவோம். ஆனா இனி அந்த ரெண்டு நம்பருக்கும் எடுக்காதீங்க. அவங்க எங்களுக்குச் சொந்தமில்ல."

அதே சுத்தமான தமிழ்.

"அப்படியானால் வேறு இரண்டு நம்பர் தாருங்கள், மிஸ்."

ரிஸ்னா என்னைப் பார்த்தாள். கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற நான், "என்ட நம்பர குடு மகள்" என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, "என்டதயும் குடு" என்றாள்.

உக்குவளையிலிருந்து இன்னும் பேச்சில்லை. எங்கள் இரண்டு போனுக்கும் பேச்சு தவறுவதில்லை. சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் ஒன்று, பகல் சோற்றில் கை வைத்தால் ஒன்று. நேற்றும் அந்தச் சுத்தமான தமிழ்க்காரனிடம் கேட்டேன், "தம்பி, இருபத்தொண்ணு வாங்கினவன் இதுக்குள்ள முப்பத்தாறாயிரம் கட்டிட்டானே?" என்று. அவன் கோபப்படவில்லை. மிகவும் மரியாதையாகவே சொன்னான்.

பாக்கி இன்னும் இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபா.