டாக்டர் கமலவேணி எண்ணிய சிவப்புப் புள்ளிகள்

போன வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையைத் திறந்துகொண்டிருந்தேன். ஆய்வகத்து டெக்னீஷியன் ரவி மூச்சிரைக்க வந்தார். "அண்ணே, கமலவேணி மேடம் போயிட்டாங்க. வூட்லயே மாரடைப்பாம்" என்றார். பூட்டில் சாவியை அப்படியே விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். பெரிய முதலியார்சாவடியில் மேடம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தீர்கள்.

அவருடைய கோபம் உங்களுக்கும் தெரியும். ஒருமுறை ஒரு நோயாளியின் எண் மாறிப்போனதற்கு, மாடிப்படியில் எல்லோர் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். மதியம் பார்த்தால், எண்ணைத் தவறாக எழுதியது அவரேதான். அதே படியில் அதே ஆட்களை நிற்கவைத்து, "சேகர் மேல தப்பில்ல. தப்பு என்னுது. கத்தினதும் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அன்றிலிருந்துதான் நாங்கள் நண்பர்கள் ஆனோம்.

அவர் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் அல்லர். வெட்டியெடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அது என்ன நோய் என்று சொல்பவர். 2004இல், நரம்பின் உறையில் வரும் அபூர்வமான புற்றுக்கட்டி ஒன்றைப் பற்றி ஆராயத் தொடங்கினார். செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, ‘வளர்’ என்ற செய்தியைப் பிடித்து உள்ளே அனுப்பும் ஏற்பி ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் ஜீன் வழக்கமாக ஒரு செல்லில் இரண்டு பிரதிதான் இருக்கும். சில கட்டிகளில் அது ஏகமாகப் பெருகியிருக்கும். அப்படிப் பெருகியவர்களுக்கு நோய் திரும்புமா, உயிரைக் குடிக்குமா என்பதே அவர் கேள்வி. ஒளிரும் சாயம் ஏற்றினால், இருட்டறையில் அந்த ஜீன்கள் மைக்ராஸ்கோப்பில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். மணிக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை எண்ணுவார்.

புள்ளிகளை எண்ணினால் மட்டும் போதாது. அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்றும் தெரியவேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தார். அஞ்சலை என்ற மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் கட்டியில் சிவப்புப் புள்ளிகள் கொத்துக்கொத்தாக இருந்தன. தொடையில் ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் வந்துபோனவர், பிறகு வரவேயில்லை. நான் போட்ட கடிதமும், சுனாமிக்குப் பிறகு குடும்பம் இடம் மாறிவிட்டது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. "இறந்திருப்பாங்க மேடம், அப்படியே எழுதிடலாம்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். மறுநாளே இருவரும் மரக்காணம் பஸ் ஏறினோம்.

2005ஆம் ஆண்டின் கோடை அது. விசாரித்து விசாரித்து ஒரு பாத்தியின் ஓரம் போய் நின்றோம். அஞ்சலை உயிரோடு, பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்திருக்கிறார் என்றேன்.

"நீங்க யாரு? என்ன பாத்த டாக்டரு ஆம்பளையாச்சே" என்றார்.

"உங்க கட்டிய மட்டுந்தாம்மா நான் பாத்தேன். உங்கள இப்பதான் பாக்கறேன்."

"வலியே இல்லீங்க. அப்புறம் எதுக்கு வரணும்? திரும்ப வந்துடுமா?"

டாக்டர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்க மாதிரி கட்டி இருந்தவங்களுக்குத் திரும்ப வர்றது ஜாஸ்தின்னு தோணுது. உங்களுக்கு வருமான்னு நிச்சயமா தெரியாது. தெரியாததாலதான் தேடிக்கிட்டு வந்தேன்."

"நல்லா இருக்கறவள வந்து பயமுறுத்துறீங்களே!" என்று அஞ்சலை பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். நான் கிளம்பலாம் என்றேன். டாக்டர் அசையவில்லை. உப்பில் பட்டு எகிறும் வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வாரி முடித்த பிறகு அஞ்சலை தானாகவே வந்து, "சரி, பாருங்க" என்றார். மோட்டார் கொட்டகைக்குள் போய்க் காலைப் பார்த்தார்கள். பழைய தழும்பின் ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. "நாளைக்கு என்கூட வாங்க. கூடவே நான் நிக்கறேன்" என்றார் டாக்டர்.

நின்றார். ஆபரேஷன் முடிந்து கதவு திறக்கும்வரை தியேட்டர் வாசல் பெஞ்சில் அஞ்சலையின் கணவரோடு உட்கார்ந்திருந்தார். கட்டி சிறியதாக இருந்ததால் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பல ஆண்டுகள் இப்படி நோயாளிகளைப் பின்தொடர்ந்த பிறகு, இந்த ஆண்டு கட்டுரை எழுதும்போது, அஞ்சலையை விட்டுவிடலாம் என்றார் மூத்த மருத்துவர் ஒருவர். தேடிப்போய்க் காப்பாற்றியவரைச் சேர்த்தால், ஜீன் பெருகினால் உயிருக்கு ஆபத்து என்ற முடிவு பலவீனமாகிவிடும் என்பது அவர் வாதம். கமலவேணி ஒப்புக்கொள்ளவில்லை. "திரும்ப வரும்னு கட்டி சொன்னது நெஜம். அவங்க பொழச்சதும் நெஜம். ரெண்டையும் எழுதுவேன்" என்றார். இன்னும் பலரிடம் பார்த்துத்தான் உறுதி சொல்லமுடியும் என்று முடித்தார். முதலில் அனுப்பிய பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் வேறொன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வருமுன் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அஞ்சலை வந்திருந்தார். லேசாகச் சாய்ந்து நடந்தார், அவ்வளவுதான். "என்னப் பத்தி எழுதினாங்களாமே, பேரு போட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அதுல நம்பர்தான் போடுவாங்க."

"பரவால்ல. அவங்களுக்கு என் பேரு தெரியும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் கமலவேணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, நேரில் போய்ப் பார்த்துவிடுகிற அந்தப் பிடிவாதத்தைத்தான். சிகிச்சைக்கு வராமல் நின்றுபோன ஒருவர் கிளியனூரில் இருக்கிறார். நாளைக் காலைப் பஸ்ஸில் போகிறேன்.