முர்னி கூப்பிட்ட பெயர்

இந்தோனேசியாவின் பன்யுவாங்கி படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வர்சித்தோவுக்கு மகள் கினாந்திதான் எல்லாம். மனைவி முர்னி தைவானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அங்கேயே வேறொருவனைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். அவன் பழக்கமானதே போனில்தான். அதனால் மகளின் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பூட்டினால் அடங்குகிற வயதா அது? தோழி வீட்டில் கணக்குப் போடுவதாகச் சொல்லிவிட்டுத் தினமும் கிளம்பினாள். ஒருநாள் மழையில் குடையோடு தேடிப் போனவர், காப்பிக்கடையில் தோழியின் போனும் கையுமாக அவளைப் பிடித்தார்.

"எவன்டி அவன்?"

"எவனும் இல்லப்பா. நீங்களே பாருங்க."

திரையில் முர்னி. நேரலையில் ராவோன் குழம்பைக் கிண்டிக்கொண்டே பேசினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. குடையை மடக்கத் தோன்றாமல் நின்றார் வர்சித்தோ.

"மெலாத்தி, இன்னிக்கும் வந்துட்டியா? நல்லா இரு கண்ணு," என்றாள் முர்னி.

"யாரு மெலாத்தி?"

"நான்தான். என் பேர்ல வந்தா அம்மா விரட்டிடுவாங்களோன்னு பயம். தினமும் கண்ணுன்னு கூப்பிடுவாங்கப்பா. அதுக்குத்தான் வர்றேன்."

திட்ட வாயெடுத்தவர் குடையை மடக்கினார். "டிக்கெட் அறையில உக்காந்து நானும் அவ போட்டோவைப் பாப்பேன்," என்றார்.

"நீங்களா?"

"திட்டிக்கிட்டேதான்."

கினாந்திக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது.

மறுநாள் போனை எடுத்துக் கொடுத்தார். "வீட்டுல உக்காந்தே பாரு. வேற யாராவது ஏடாகூடமா எழுதினா எங்கிட்ட சொல்லு. கத்த மாட்டேன்."

"நெசமா?"

"கொஞ்சமா கத்துவேன்."

அதன்பின் இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். கணக்குப் பொய் நின்றது. வகுப்புப் பையன் ஒருவன் அனுப்பிய கோணல் செய்தியைக்கூட அவளாகவே கொண்டுவந்து காட்டினாள். ஒரு ஞாயிறன்று வர்சித்தோவே, "உன் பேரையே போடு," என்றார்.

அவள் 'கினாந்தி' என்று எழுதினாள். கரண்டி பிடித்த கை நின்றது. முர்னி திரையருகே குனிந்தாள். நேரலை அறுந்தது.

இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது: "சாப்பிட்டியா கண்ணு?"

அவள் பதில் எழுதி முடிக்கும்வரை வர்சித்தோ காத்திருந்தார். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இன்னும் இல்லப்பா."

"சரி, சரி. நீ பேசு," என்று சொல்லிவிட்டு, நனையாத சட்டையை ஈரம் என்பதுபோலக் கொடியில் உதறிப் போட்டார்.