ஜைத்தூன் அக்காவின் வெயில் பூச்சு

சென்ற வெள்ளிக்கிழமை காலை, தாணே வீட்டில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தாராவியிலிருந்து ஜைத்தூன் அக்காவின் மகள் மெஹருன்னிசாவின் போன் வந்தது. "சாச்சி, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். விடிகாலைத் தொழுகையை முடித்துவிட்டுச் சற்றுப் படுத்த ஜைத்தூன் அக்கா அப்படியே போய்விட்டாராம். "நீங்க வந்து முகம் பாத்த பிறகுதான் எடுப்போம். ஆனா வெயிலேறுறதுக்கு முந்திக் கிளம்பிருங்க. உம்மா இருந்தா அதத்தான் சொல்லியிருப்பாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

ஏன் சிரித்தோம் என்பது அந்தக் காலத்தில் அக்காவோடு அப்பளம் காயவைத்த மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பின்னால் வந்து அவரை ஒரு பெரிய குடும்பத்தின் தலைவியாக மட்டும் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தேன். என் கணவருக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. ஜைத்தூன் அக்காவின் கணவர் காதர் அண்ணனுக்கும் அங்கேதான். அக்கா மேலப்பாளையத்துக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே தகரச் சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் என் கணவரைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். "ஏட்டி பேச்சி, அந்த வார்த்தை நல்லாருக்கே. நானும் இன்னிக்கு எங்க ஆளுகிட்டச் சொல்லிப் பாக்கேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அதற்குப் பிறகு யாரால் சண்டை போட முடியும்?

எங்கள் சந்துப் பெண்களுக்கு அப்பள வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். தாதரிலிருந்து ஒரு வியாபாரி பிசைந்த உளுந்து மாவைக் கொடுத்து அனுப்புவார். காலையில் வீட்டுக்குள் உட்கார்ந்து தேய்ப்போம். பிறகு சந்து முனையிலிருந்த வெற்று மைதானத்துக்குப் பிரம்புக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்து, அவற்றின் முதுகில் அப்பளங்களைப் பரப்புவோம். காக்கையை விரட்ட வேண்டும், ஆட்டை விரட்ட வேண்டும், காற்றடித்தால் ஓடிப் பிடிக்க வேண்டும். ஆகவே வெயில் தாழும்வரை அங்கேதான் நிற்போம். காய்ந்த அப்பளத்தைக் கொடுத்தால்தான் மறுநாளுக்கு மாவு. வீட்டுக்குள் காய வைக்க இடமேது? அந்த மைதானம் இல்லாவிட்டால் எங்களுக்கு வேலையே இல்லை.

ஊரில் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றியவள். பம்பாயின் முதல் கோடையே என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. மூக்குத் தோல் உரிந்தது. கன்னத்தில் தண்ணீர் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. தலைப்பைப் போர்த்தினால் காற்று இழுத்துக்கொண்டு போகும். குடை பிடித்தால் ஒரு கை வேலைக்கு ஆகாது.

"நான் இனிமே வரலக்கா. என்னால முடியாது" என்று ஒருநாள் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்பளம்தான் காயணும். நாம எதுக்குட்டி காயணும்? சூரியன் நமக்குக் கூலி குடுக்குத ஆளு, சரி. அதுக்காவ மூஞ்சியையா எழுதிக் குடுக்கது?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். முதலில் நல்லெண்ணெய். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் எங்களைத் தாளிதத்துக்குப் போட்டதுபோல் இருந்தது. "இது நம்மளப் பொரிக்குதுட்டி" என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்தது தயிரும் மஞ்சளும். ஈ மொய்த்தது. மத்தியானம் கைவண்டி நிழலில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தபோது ஓர் ஆடு வந்து என் இடது கன்னத்தைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போனது. "நீ முழிச்சிருவியோன்னுதான் நான் அத விரட்டல" என்றார் அக்கா. மூன்றாவதாகக் குயவர்களிடமிருந்து களிமண் வாங்கி வந்தார். வெயில் தெரியவே இல்லை. ஆனால் காய்ந்ததும் முகத்தை அசைக்க முடியவில்லை. சிரித்தால் பாளம் பாளமாக வெடித்தது. ஜைத்தூன் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருப்பது நடக்கிற காரியமா?

கடைசியில் ஒரு பக்குவம் அமைந்தது. முல்தானி மண்ணை வெயிலில் உலர்த்தி, இடித்து, பழைய மல் துணியில் சலித்து எடுப்பார். சோறு வடித்த கஞ்சி ஆறியதும் அதில் குழைப்பார். சந்தனக் கட்டையைக் கல்லில் உரைத்துக் கொஞ்சம் சேர்ப்பார். வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய், விரல் நுனியில் தொட்ட அளவுக்கு. அப்பளம் தேய்த்து முடித்து, கை கழுவி, வாசலைத் தாண்டிய பிறகுதான் பூச வேண்டும் என்பது அவர் சட்டம். "தின்னுத பண்டத்துல நம்ம மூஞ்சி படக்கூடாது" என்பார். பூசிய முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். எரியவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு முறை கழுவிப் பார்த்தேன். தகரச் சுவரில் தட்டி, "அக்கா, எரியல!" என்று கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் குலவையிட்டார்.

ஒரு வாரத்துக்குள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளை முகத்தோடு மைதானத்தில் நின்றோம். போகிற வருகிற ஆண்கள் கேலி செய்தார்கள். "நாடகம் எப்ப?" என்று கேட்டவரிடம், "நீ இன்னும் குரங்கு வேசம் கட்டலையே, அதுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார் அக்கா. பிறகு எவரும் கேட்கவில்லை.

அந்த மே மாதத்தில்தான் முனிசிபாலிட்டி லாரி வந்தது. கூடைகள் பாதையை அடைக்கின்றன என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேஸ்திரியும் சில ஆட்களும் கூடைகளை அள்ளிக்கொண்டு போக வந்திருந்தார்கள். உச்சி வெயில் நேரம். நாங்கள் கூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வியர்வையில் பூச்சு அங்கங்கே திட்டுத் திட்டாக உரிந்து, மிச்சம் புள்ளி புள்ளியாக நின்றது. லாரிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

மேஸ்திரி வைத்த காலை எடுக்காமல் நின்றுவிட்டார். "க்யா ஹுவா ஹை இதர்?" என்று கேட்டார். இங்கே என்ன ஆச்சு என்று.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "நஜ்தீக் மத் ஆவ், சாப். தேவி ஆயி ஹை."

கிட்டே வராதீர்கள், தேவி வந்திருக்கிறாள் என்று அர்த்தம். தேவி என்று அங்கே மராட்டிக்காரர்கள் சொல்வது பெரியம்மையை. அந்தப் பேரைக் கேட்டால் தெருவே காலியாகும் காலம் அது. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தைத் தலைப்பில் புதைத்துக்கொண்டேன். தோள் குலுங்கியதைப் பார்த்து நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மேஸ்திரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "சலோ, சலோ" என்றார். லாரியைத் திருப்பக்கூடப் பொறுமையில்லாமல் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் யார் முகத்திலும் பூச்சு மிஞ்சவில்லை.

வேலையிலிருந்து வந்த காதர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மைன்னு சொல்லிட்டு வந்திருக்க. அவன் போயி சும்மாவா இருப்பான்?" என்றார்.

அவன் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை அம்மை குத்தும் வண்டி எங்கள் சந்து முனையில் வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய இளம் டாக்டரம்மா ஒருவர் இறங்கினார். மராட்டிக்காரர். கூடவே பெட்டி தூக்கிய ஆட்கள். சந்து கலகலத்துப்போனது. எங்களுக்கு அம்மை குத்துவதென்றால் அவ்வளவு பயம். சிறிய வட்டக் கருவியொன்றைக் கையில் வைத்துத் திருகுவார்கள். காய்ச்சல் வரும், புண்ணாகும். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தாலே கதவைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு மாட்டுங்கா ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுவோம். அந்த ஓட்டத்துக்கு எப்போதும் தலைமை ஜைத்தூன் அக்காதான். என் மகன் முருகன் அப்போது கைக்குழந்தை. அவனுக்கும் குத்தியிருக்கவில்லை.

இந்தத் தடவை ஓட வழியில்லை. அம்மை இருக்கிறது என்று சாதித்தால் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போய்த் தனியாக அடைத்துவிடுவார்கள். இல்லை என்றால் லாரி திரும்பி வரும், மைதானம் போய்விடும். எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தோம். அவர் வீட்டுக்குள் போய் மண் குழைத்த கிண்ணத்தை எடுத்துவந்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். தன் அரைகுறை இந்தியில், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம்தான். எந்தப் பேட்டையில் என்று சொல்லாமல், முந்தின வாரம் தான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றி இந்தியில் சொன்னார். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் அம்மையில் இறந்துபோன வீடு. குத்த வந்தபோது கதவைப் பூட்டிக்கொண்டு போனவர்களாம். "விளையாடுவதற்கு உங்களுக்கு வேறு பேர் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.

ஜைத்தூன் அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "ரெண்டு பிள்ளையாம்லா, பேச்சி" என்றார். உடனே ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "மொதல்ல எனக்குக் குத்துங்க."

கருவி தொடுவதற்கு முன்பே அவர் போட்ட அலறலில் காக்கைகள் எழும்பின. டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. இரண்டாவது ஆளாக என்னை இழுத்து உட்காரவைத்தார் அக்கா. மூன்றாவது முருகன். அப்புறம் வீடு வீடாகப் போனார். கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த ஒரு மாமாவைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "நானே குத்திக்கிட்டேன், ஒமக்கென்ன வே?" என்று கேட்டே எல்லோரையும் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார். மத்தியானத்துக்குள் சந்தில் ஓர் ஆள் பாக்கியில்லை.

எல்லாம் முடிந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, அக்கா டாக்டரம்மாவின் முகத்தைக் கவனித்தார். சந்து சந்தாக வெயிலில் அலைந்து அந்தப் பெண்ணின் மூக்கும் உரிந்திருந்தது. "பேச்சி, இந்தம்மா மூக்கும் ஒம் மூக்கு மாதிரிதான் இருக்கு" என்றவர், அனுமதி கேட்காமலேயே கிண்ணத்தில் விரலை விட்டுப் பூசிவிட்டார். டாக்டரம்மா கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கழுவவில்லை. குழந்தைகளுக்குத் தோல் சிவந்தால் போடுகிற துத்தநாகப் பொடி மருந்துக்கடையில் கிடைக்கும், அதைச் சேர்த்தால் வெயிலை இன்னும் நன்றாகத் தடுக்கும், அன்றன்றைக்குக் குழைத்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். வெள்ளை மூக்கோடு வண்டியில் ஏறிப் போனார். எங்கள் பூச்சு அதன் பிறகுதான் உண்மையில் தேறியது.

மேஸ்திரி மறுபடியும் வந்தார். அக்கா அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார். கைவண்டி போகிற அளவுக்குப் பாதை விட்டால் போதும், கூடைகளை ஓரமாகத் தள்ளிக்கொள்ளுங்கள் என்றார் அவர். "இம்புட்டுத்தானா? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே நகட்டியிருப்போம்லா!" என்று அக்கா அதிசயப்பட்டார். மைதானம் எங்களுக்கே இருந்தது.

அந்த மழைக்காலம் கழிந்து, பக்கத்துப் பேட்டைக்கு உண்மையாகவே பெரியம்மை வந்தது. பாடைகள் போவதைப் பார்த்தோம். எங்கள் சந்தில் ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. ஒரு நாள் முருகனை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "நாம கூடைக்காவப் பொய் சொன்னோம், பேச்சி. அல்லா அத வேற வேலைக்கு எடுத்துக்கிட்டான்." அதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். ஆனால் முருகனைக் கீழே விடவேயில்லை.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, வீட்டில் பெண்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து ஆடு நக்கிய கதையைச் சொன்னோம். பேத்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது என் இடது கையில் இருக்கிறது. மேல்கையில், பழைய பொத்தான் அளவுக்கு, அந்தக் காலையில் வாங்கிய தழும்பு. அதே இடத்தில் அதே அளவில் அவருக்கும் ஒன்று இருந்தது. அதை மண் வாங்கிக்கொண்டது. என்னுடையது, குளிக்கும்போதெல்லாம் விரலில் தட்டுகிறது. தட்டும்போதெல்லாம் அந்த அலறல் கேட்கிறது, காக்கைகள் எழும்புகின்றன. ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட முருகனின் கையிலும் ஒன்று இருக்கிறது.