வெட்கப் பாண்

செலிக்கைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அவரைப் பற்றி எழுதினால் நான் தலைகுனிந்த கதையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கறுப்புக் கோட்டும் தாடியுமாக மொன்ட்ரியாலின் ஊத்ரமோன் பக்கம் நடந்து திரியும் யூதர்களில் அவரும் ஒருவர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் தட்டு அடுக்குபவன். யூதப் பயணிகளின் சாப்பாடு அவர்களுடைய முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் கையால்தான் அடுப்பு மூட்ட வேண்டும். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, இரத்தப் பொட்டு இருந்தால் எறிந்துவிடுவார். இதென்ன கூத்து என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் வரும்.

நாங்கள் கதைத்தது பாதி இங்கிலிஷ், பாதி பிரெஞ்சு. என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. அவர் 'பிரெட்' என்றால் எனக்கு அது பாண். அப்படியே எழுதுகிறேன்.

"நாதன், உங்கட வயிறு பசிக்குது எண்டு நினைக்கிறியள். அது வயிறு இல்லை. அந்தப் பாணுக்குள்ள கடவுளின்ர பொறி ஒண்டு மாட்டுப்பட்டுக் கிடக்கு. உங்கட உயிர் அதை வெளியில எடுக்கத்தான் துடிக்குது."

"காலமை சாப்பிடேல்லை. அதுதான் பசி."

"சரி. ஆனா எல்லாப் பொறியையும் எடுத்து முடிய எங்கட மீட்பர் மெசியா வருவார். அப்ப நல்ல நல்ல சாப்பாடெல்லாம் தெருப் புழுதி மாதிரிக் கிடக்கும். ஒருத்தருக்கும் ஒண்டும் தேவைப்படாது."

"அப்ப எங்கட ரெண்டு பேரின்ர வேலையும் போயிடும்."

"அதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் மன்றாடுறன்," என்று தாடி குலுங்கச் சிரிப்பார்.

மெசியா வரவில்லை. வேலை மட்டும் போனது. மூன்று வருடத்துக்கு முன்பு யூதப் பயணிகளின் சாப்பாட்டை வேறு இடத்தில் செய்விக்கத் தொடங்கியதும் அறுபத்திரண்டு வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'இனிப் படிக்க நேரம் கிடைக்கும்' என்று சொல்லிக்கொண்டு போனார். நானும் அதை நம்பினேன். வசதி இருக்கிறவர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் தங்கள் தொழுகைக்கூடத்தின் நிலவறையில் சனிக்கிழமை ஓய்வுநாளுக்குப் பெட்டி கட்டத் தொடங்கினார். இல்லாத வீடுகளுக்கு ஒரு கோழி, மீன், கரட், மெழுகுதிரி, திராட்சைச் சாறு, பின்னல் போட்ட பாண் இரண்டு. வியாழக்கிழமைகளில் என்னுடைய பழைய வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு மத்தியானத்தோடு வேலை முடியும். சும்மா செய்வதாகச் சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கட்டி முடித்து, நான் வண்டியில் ஏற்றத் தொடங்கியதும் வீட்டுக்குப் போய்விடுவார். என் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் வீட்டு இலக்கம் மட்டும்தான், பெயர் கிடையாது. பெட்டியை வாசலில் வைக்க வேண்டும், பெல் அடிக்க வேண்டும், கதவு திறக்கும் முன் இறங்கிப் போய்விட வேண்டும்.

"ஏன் கள்ளன் மாதிரி ஓட வேணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உலகத்துக்கு வர முந்தி உயிர்களுக்குக் கடவுள் சும்மா சாப்பாடு குடுத்தாராம். அதுகளால அவற்ர முகத்தை நிமிர்ந்து பாக்க ஏலாமல் போச்சு. சும்மா கிடைக்கிறதுக்கு எங்கட ஆக்கள் வெட்கப் பாண் எண்டு சொல்லுவினம். உழைச்சுச் சாப்பிடத்தான் எங்களை இஞ்சை அனுப்பினவர். உழைக்க ஏலாமல் போனவன் என்ன செய்வான்? குடுக்கிறவன்ர முகத்தையாவது அவன் பாக்காமல் இருக்கட்டும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் போருக்குத் தப்பி, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். லொறியின் மேல் நின்றபடி பாண் எறிவார்கள். ஓடிப்போய் நிலத்தில் பொறுக்கியிருக்கிறேன். சாப்பாட்டை நிலத்தில் வைத்துவிட்டு ஓடுவது எனக்கு அதைத்தான் நினைவூட்டியது. கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கதைத்தால்தான் மரியாதை என்பது என் எண்ணம். உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் இருந்தது. யாராவது என்னைப் பார்த்து ஒரு மெர்சி, ஒரு நன்றி, சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

போன பெப்ரவரியில் உறைமழை பெய்த ஒரு வியாழன். மூன்றாம் மாடி, வெளிப்புற இரும்புப் படி, எல்லாம் ஐஸ். இரண்டு வருடமாகப் பெட்டி வைக்கும் வீடுதான். வாசலெல்லாம் தண்ணீர். பாண் நனைந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, பெல்லை அடித்துவிட்டுப் பெட்டியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

கதவைத் திறந்தவர் செலிக்.

இத்தனை வருடத்தில் அவர் வீடு எதென்று நான் அறிந்ததில்லை. கோட்டு இல்லை, தொப்பி இல்லை. முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை. உள்ளே அவருடைய மனைவி கட்டிலில் கிடந்து இருமுவது கேட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டு வந்திருப்பனே!" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இப்போதும் இருக்கிறது.

"நீங்கள் பெல் அடிச்சிட்டுப் போயிருக்கலாம், நாதன்," என்றார். பெட்டியை வாங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அடுத்த வியாழன் பட்டியலில் அந்த வீட்டு இலக்கம் இல்லை. செலிக் வழமைபோல் வந்து பெட்டி கட்டினார். பொறியும் இல்லை, மெசியாவும் இல்லை, சிரிப்பும் இல்லை. கரட்டைப் பார்த்தே என்னோடு கதைத்தார். அன்று அவருக்குத் தெரியாமல் ஒரு பெட்டியை அந்தப் படியேறி வைத்து, பெல் அடித்துவிட்டு ஓடிவந்தேன். மறுவாரம் அது ஒன்றும் குறையாமல் நிலவறை மேசையில் இருந்தது. கோழியையும் மீனையும் மட்டும் கெட்டுவிடக் கூடாதென்று குளிர்ப்பெட்டியில் தனியாக வைத்திருந்தார்.

"ஆரோ இதைப் பிழையான வீட்டில வைச்சிட்டினம்," என்றார்.

ஒரு நோயாளிப் பெண்ணின் ஓய்வுநாள் மேசையிலிருந்து பாணையும் கோழியையும் எடுத்தவன் நான்தான். ஒரு மெர்சிக்காக.

வீட்டில் மனைவி புஷ்பராணியிடம் சொன்னேன். எங்கள் நிலைமையும் அப்போது சொல்லும்படி இல்லை. டோர்வலில் என் வேலை நேரத்தைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், அவளுடைய சமையல் வேலையும் நின்றுவிட்டது. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் குசினியில் பருப்பும் சோறும்தான் மாறி மாறி நடந்தது. அந்த உறைமழை நாளுக்கு முன்பே செலிக் என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கி, ஒரு பெட்டி கொண்டுபோகும்படி பலமுறை கேட்டிருந்தார். 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டேன்.

"அந்த மனுசன் எத்தினை தரம் கேட்டது? நீங்கள் பெரிய துரை மாதிரி வேண்டாமெண்டிட்டு வந்தனீங்கள்," என்றாள் புஷ்பராணி. "இப்ப அவருக்கு நீங்கள் குடுக்கிற ஆள். அவர் வாங்கிற ஆள். பேந்து எப்பிடியப்பா உங்கட முகத்தைப் பாப்பார்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

அதற்கடுத்த வியாழன் நிலவறையில் செலிக்குக்கு முன்னால் போய் நின்றேன். கொடிகாமத்தில் லொறிக்குப் பின்னால் ஓடியபோதுகூட இவ்வளவு கூச்சம் இருந்ததில்லை.

"எங்கட வீட்டையும் எழுதுங்கோ. வேலை குறைஞ்சு போச்சு. குறையில்லை எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் கை கரட்டில் நின்றது. மூன்று வாரத்துக்குப் பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பட்டியலை இழுத்து எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதினார். பேனாவை மூடப் போனவர் மூடாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதன் கீழே இன்னொரு இலக்கம் எழுதினார். மூன்றாம் மாடி. நான் மெழுகுதிரிகளை அடுக்குவது போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்கட பக்கத்துக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டாம்," என்றார். "வேற ஆள் வரும்."

அன்று அவருடைய வாசலில் பெட்டியை வைத்து, பெல்லை அடித்து, ஐம்பத்தேழு வயதில் அந்த ஐஸ் படியில் விழுந்தடித்து இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் பெல் அடித்தது. எழுந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். வெளியே காலடிகள் இறங்கின. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, மூச்சு வாங்கி இறங்கும் கனமான சப்பாத்து. ஊத்ரமோனிலிருந்து பஸ் மாறி மாறிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் மனுசன். உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

"திறவுங்கோவன். ஆரெண்டு பாருங்கோ," என்றாள் புஷ்பராணி.

"பொறு."

கடைசிப் படியும் முடிந்து, கீழ்க்கதவு சாத்திய சத்தம் கேட்கும்வரை நின்றேன். யன்னல் பக்கம் போகவும் அவளை விடவில்லை. அதன் பிறகுதான் திறந்தேன்.

புஷ்பராணி சம்பல் இடித்தாள். அந்தப் பின்னல் பாணைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு துண்டு கூடவே சாப்பிட்டேன்.