காலியாக நின்ற சிவப்புப் பெட்டி

என் கணவரின் அக்காவுக்கு ஃபேக்டரியில் வைத்த பெயர் நோகோ அக்கா. போல்ட் ஷெட்டில் இருபத்தாறு வருடமாக அளவு பார்க்கிறவர். அவர் கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு எஃகு வளையங்கள் இருக்கும். ஒன்று போல்ட்டின் மரையில் சுழன்று ஏற வேண்டும். இன்னொன்றுக்கு நோகோ என்று பெயர். எவ்வளவு திருகினாலும் அது ஏறக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் அந்த போல்ட் சிவப்புப் பெட்டிக்குள் விழும். சிபாரிசெல்லாம் செல்லாது. எனக்கு அவர் அண்ணி. சளைக்காமல் என்னோடு வாயாட அந்த வீட்டில் இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

அவர் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. அளக்காமல் யாராவது ஒரு போல்ட்டை நல்லது என்றோ மட்டம் என்றோ சொல்லிவிட்டால், அன்றைய சிவப்புப் பெட்டியைப் பழைய இரும்புக் கிடங்கு வரைக்கும் சொன்னவர்தான் தூக்க வேண்டும். சூப்பர்வைசரே இரண்டு தடவை தூக்கியிருக்கிறார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை, இறக்குமதிக் காகிதங்கள் பார்ப்பது. ஆகவே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்ற பேச்சு வந்த நாள் முதல் எங்கள் சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது.

"இறக்குமதி வரி போனா விலை குறையும் அண்ணி. ஒரு வேலை போனா இன்னொரு வேலை வரும்" என்பேன் நான்.

"எங்க வரும்? எங்க ஃபேக்டரித் தெருவுல மூணு கம்பெனி மூடினாங்க. அப்பவும் இதையேதான் சொன்னாங்க. இப்ப அந்தப் பக்கம் பஸ்ஸே வர்றதில்ல. வேலை எதுல ஏறி வரும், சொல்லு!"

"அதுக்காக ஊரையே பூட்டி வச்சுக்க முடியுமா?"

"நீ கப்பல் கட்சி, உனக்கு என்ன!"

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். அக்கா பக்கம் பேசினால் நான் விடமாட்டேன், என் பக்கம் பேசினால் அக்கா விடமாட்டார். மனுஷன் பிழைக்கத் தெரிந்தவர்.

பிறகு விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. ஒப்பந்தம் கையெழுத்தானால் போல்ட் ஷெட்டை மூடிவிடுவேன் என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டினார். நூற்றுப் பத்துப் பேருக்கு வேலை போகும், அதில் அண்ணியும் ஒருவர். கருத்துக் கேட்கத் தலைநகரிலிருந்து ஒரு குழு வந்தது. தொழிலாளர்கள் சார்பில் பேச அண்ணியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"உங்க கப்பல்ல வந்த போல்ட் ஒரு பெட்டி வாங்கிட்டு வா. எல்லார் முன்னாடியும் அளந்து காட்டுறேன். பாதி தேறாது" என்றார்.

"முதல்ல வீட்டுல அளந்து பாத்துடுங்களேன்."

"சீல் உடைச்ச பெட்டியை யாரு நம்புவா? அது குப்பைன்னு எனக்குத் தெரியாதா?"

அளக்காமல் சொல்லிவிட்டார். நான் அப்போதே சுட்டிக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை. சபையில் ஒரு தடவை அவர் மூக்கு உடையட்டுமே என்ற ஆசை எனக்கு இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

நகர மன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. முதலாளி முதலில் பேசினார். "வெளிநாட்டுச் சரக்கு மொத்தமும் குப்பை. எங்க சரக்குக்குப் பக்கத்துல நிக்காது. வரியை எடுக்காதீங்க" என்று மேசையைத் தட்டினார். நல்ல கைதட்டல். அடுத்து அண்ணி எழுந்தார். ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்புப் பெட்டியை எல்லாரும் பார்க்கும்படி மேடையில் வைத்தார். "இது நிறையிறதைப் பாருங்க" என்று சொல்லி, நான் வாங்கி வந்திருந்த போல்ட் பெட்டியின் சீலைப் பிரித்தார்.

ஐம்பது போல்ட். முதல் போல்ட்டில் வளையம் ஏறியது, நோகோ ஏறவில்லை. தேறிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவதுக்குப் பிறகு கூடத்தில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. இருபது, முப்பது. யூனியன் தலைவர் போதும் போதும் என்று கையைக் காட்டினார். அண்ணி நிறுத்தவில்லை. ஐம்பதாவதை மட்டும் இரண்டு தடவை அளந்தார். சிவப்புப் பெட்டிக்குள் ஒன்றுகூட விழவில்லை.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

குழுத் தலைவி கேட்டார், "அப்போ உங்க குறைதான் என்னம்மா?"

அண்ணி வளையங்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்பதும் நல்ல சரக்கு. நான் சொன்னது தப்பு. எங்க சரக்கும் நல்ல சரக்குதான், நான் பாத்து அனுப்புறேன். ஆனா நூறு நல்லது அனுப்ப நான் இருபத்திரெண்டு தள்ள வேண்டியிருக்கு. இந்தப் பெட்டி இங்க காலியா நிக்குது, எங்க ஷெட்ல தினமும் நிறையுது. மெஷின் அவ்வளவு பழசு. போன தடவை வரியை ஏத்தி எங்களுக்குப் பத்து வருஷம் அவகாசம் குடுத்தீங்க. அதுல ஒரு புது மெஷின் வரல."

முன்வரிசையில் முதலாளி முகம் கறுத்தது. என் வீட்டுக்காரர், "போச்சு, அக்கா வேலை இன்னைக்கே போச்சு" என்று முணுமுணுத்தார்.

"இன்னும் அஞ்சு வருஷம் குடுங்க. வரியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. ஆனா மெஷின் மாத்துற முதலாளிக்கு மட்டும் குடுங்க. போன தடவை மாதிரி சும்மா குடுக்காதீங்க. இன்னொண்ணு, வேலை போனா வேற வேலை வரும்னு சொல்றவங்க எங்க ஃபேக்டரித் தெருவுக்கு வந்து எத்தனை வேலை வந்திருக்குன்னு எண்ணிட்டுச் சொல்லட்டும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தப்பில்லை. நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

பிறகு மேடையிலிருந்து இறங்கி நேராக முதலாளியிடம் போனார். "அளக்காம பேசினவங்க பெட்டியைத் தூக்கணும், அது நம்ம ஷெட்டு சட்டம். நானும் பேசினேன், நீங்களும் பேசினீங்க. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். வாங்க சார்."

முதலாளி இரண்டு பக்கமும் பார்த்தார். அவருடைய ஆட்கள் நூற்றுப் பத்துப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எழுந்து, கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, அடுத்த கைப்பிடியைப் பிடித்தார். இருவரும் பெட்டியை வாசல்வரை தூக்கிப் போனார்கள். அதற்கு மூன்றாவது கைப்பிடி இருந்திருந்தால் அது எனக்குரியது.

ஒப்பந்தம் கையெழுத்தானது. போல்ட்டுக்கு ஐந்து வருட அவகாசம், அண்ணி கேட்ட நிபந்தனையோடு. ஷெட்டை மூடவில்லை. அடுத்த வருடம், முதலாவது புது மெஷின் வந்த அன்று, மனது பொறுக்காமல் அவருக்கு போன் போட்டேன்.

"எப்படி அண்ணி, போல்ட் நல்லா வருதா?"

"முதலாளியும் பக்கத்துல நின்னுக்கிட்டு இதையேதான் கேக்கறார். இன்னும் அளக்கல. போனை வை" என்றார் அண்ணி.