நூறு காலடி

1. புதன்கிழமை, பத்தே முக்கால்

இருபத்துமூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே சந்தில் நடக்க விட்டேன். நிறுத்தி எண்ணியபோது இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை பெயர் சொல்லி எண்ணினேன். பவித்ராவைக் காணவில்லை.

ஓய்வு பெற்ற பின், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில், மகப்பேறு விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். முப்பத்தாறு வருட சர்வீஸில் ஒரு பிள்ளையையும் தொலைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அந்த வாரப் பாடம், நூறு வரை எண்ணுதல். திங்களும் செவ்வாயும் வகுப்பே சேர்ந்து சொன்னது. செவ்வாய் மாலை ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் ‘நூறு வரை எண்ணுகிறார்’ என்று எழுதி டிக் போட்டேன். இருபத்துமூன்று டிக்.

புதனன்று ஆளுக்கு நூறு காலடி நடந்து நிற்க வேண்டும், யார் நூறு நீளமானது என்று பார்க்கலாம் என்றேன். பிள்ளைக் காலடிக்கு நூறு என்றால் நாற்பது மீட்டர். சந்து இருநூறு மீட்டர், அதற்கு அப்பால்தான் மேலூர் ரோடு. பயமில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“நூறு வந்ததும் நில்லுங்க. நடுவுல நிக்கக்கூடாது, பேசக்கூடாது.”

“சார், இவன் தாவித் தாவிப் போறான் சார்” என்று ஒரு சண்டை வந்தது. அதைத் தீர்க்கக் குனிந்த நேரத்தில்தான் பவித்ரா போயிருக்கிறாள்.

சத்துணவு சமைக்கும் பாண்டியம்மாவைக் கூப்பிட்டு மற்றவர்களை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்தார்.

“செவப்பு ரிப்பன் பிள்ளையா சார்? இப்பத்தான் போச்சு. எங்க போற ஆத்தான்னு கேட்டேன். வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே போகுது. நீங்கதான் கடைக்கு அனுப்பிருக்கீங்கன்னு விட்டுட்டேன்.”

சந்து முடியும் இடத்தில் அவளைப் பிடித்தேன். ரோட்டுக்கு இன்னும் மூன்று காலடி. ஒரு பேருந்து கடந்த காற்றில் அவள் பாவாடை படபடத்தது. அவள் அழவில்லை. சொன்னதைச் செய்துகொண்டிருக்கும் முகம்.

“நூறு எப்ப சார் வரும்?” என்றாள்.

“எங்க, எண்ணு பாப்போம்.”

“அறுபத்தேழு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்னு…”

அறுபத்தொன்பதுக்குப் பிறகு அவள் திரும்பத் திரும்ப அறுபதுக்கே போயிருக்கிறாள். வகுப்பில் எல்லாரும் ‘எழுபது’ என்று கத்தும்போது அவளும் சேர்ந்து கத்துவாள். தனியாக நடக்கையில் எழுபதைச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

2. சாயங்காலம்

தலைமையாசிரியை, “அம்மாகிட்ட நான் பேசவா சார்?” என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். ஆறு தடவை ஒத்திகை பார்த்தேன். பவித்ராவின் அம்மா தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்தார்.

“ரோடு வரைக்குமா சார்?”

“ரோடு வரைக்கும்மா.”

“எம்புட்டு நேரம் உங்க கண்ணுல படல?”

“ஆறு நிமிஷம்.”

அவர் மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

“வீட்லயும் அறுபத்தொம்பதத் தாண்டாது சார். செவ்வாய்க்கெழம நோட்டுல டிக்கப் பாத்துத்தான், சரியாயிருச்சுபோலன்னு நானும் கேக்கறத விட்டுட்டேன்.”



“நாளைக்கு அனுப்புங்கம்மா” என்றேன். அவர் மகளைக் கூட்டிப் போனார்.

3. வியாழனும் வெள்ளியும்

வியாழனன்று எட்டு இருபதுக்கே வாசலில் நின்றேன். மணி ஒன்பது அடித்தபோது இருபத்திரண்டு பேர். ஒன்பது ஏழுக்குப் பவித்ரா வந்தாள். அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, அவள் வகுப்புக்குள் போகும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

அன்றும் மறுநாளும் ஒவ்வொரு பிள்ளையையும் மேசைக்கு அழைத்துத் தனியாக எண்ணச் சொன்னேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். நூறைத் தொட்டவர்கள் பதினாறு பேர். நான்கு பேர் எண்பத்தொன்பதில் நின்றார்கள், இருவர் ஐம்பத்தொன்பதில். நான் டிக் போட்டவர்களில், பவித்ராவையும் சேர்த்து, ஏழு பேர் நூறைப் பார்த்ததே இல்லை.

சேர்ந்து சொல்வதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் மார்க் போடாதீர்கள். டிக்குக்குப் பதிலாக, எங்கே நிற்கிறார்களோ அந்த எண்ணை எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்களும் அங்கிருந்து தொடங்கலாம்.

வெள்ளியன்று பவித்ரா எழுபதைத் தாண்டி எழுபத்தொன்பதில் நின்றாள். அவள் நோட்டில் பழைய டிக்கை அடித்துவிட்டு 79 என்று எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை அதன் கீழே அவள் அம்மா கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 84 என்று எழுதியிருந்தார்.